பனியை எடை போடும் செயற்கைக்கோள்கள்

ராஜபாளையம் நூற்பாலைகளில் பஞ்சுப் பொதியை எடை போடத் தராசு இருக்கிறது. துருவப் பகுதிகளில் கிலோமீட்டர் கணக்கில் தடிமனாகக் கிடக்கும் பனிப்பாளத்தை எப்படி எடை போடுவது? விண்வெளியில் இருந்துதான்!

எதற்காக இந்தக் கணக்கு? ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் ராஜகோபுரம் சுமார் 190 அடி உயரம். அண்டார்டிகாவின் பனி முழுவதும் உருகினால் கடல் மட்டம் ஏறக்குறைய அந்தக் கோபுரத்தின் அளவுக்கு உயரும். அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும் என்பதால் இன்றே பயப்பட வேண்டாம். ஆனால் சில அடிகள் உயர்ந்தாலே தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களுக்குச் சிக்கல்தான்.

எப்படி அளக்கிறார்கள்?

2002-ல் நாசாவும் ஜெர்மனியும் சேர்ந்து 'கிரேஸ்' என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களை அனுப்பின. ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கி.மீ. இடைவெளியில் இவை பூமியைச் சுற்றின. இரண்டு பஸ்கள் முன்னும் பின்னுமாகப் போவதாக வைத்துக் கொள்ளுங்கள். இறக்கம் வந்தால் முதல் பஸ் முதலில் வேகம் எடுக்கும், இடைவெளி கூடும். அதுபோல, பனி அதிகமுள்ள இடத்தை நெருங்கும்போது அதன் ஈர்ப்பு முன்னால் செல்லும் கோளை முதலில் இழுக்கும். தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய இடைவெளி மாற்றத்தையும் மைக்ரோவேவ் கதிர்கள் கண்டுபிடித்துவிடும். ஈர்ப்பு மாதாமாதம் குறைந்தால் பனி குறைகிறது என்று பொருள். 2017-ல் கிரேஸ் ஓய்வு பெற்றது. 2018-ல் அடுத்த ஜோடி சென்றது.

கணக்கு என்ன சொல்கிறது? 2002 முதல் கிரீன்லாந்து மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 25,000 கோடி டன்னுக்கு மேல் பனியை இழந்து வருகிறது. 36,000 கோடி டன் பனி உருகினால் உலகெங்கும் கடல் 1 மி.மீ. உயரும்.

இதே கிரேஸ், 2002 முதல் 2008 வரை ராஜஸ்தான், பஞ்சாப், அரியானா பகுதியில் 109 கன கி.மீ. நிலத்தடி நீர் குறைந்ததையும் காட்டிக் கொடுத்தது. போர்வெல்லை நம்பியிருக்கும் நமக்கும் இது பாடம்.

நம் நாட்டின் பங்கு

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய 'நிசார்', நாசாவுடன் சேர்ந்து உருவாக்கியது. இதன் ரேடார் இரவிலும், மேகத்தை ஊடுருவியும் பார்க்கும். 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வந்து, பனி கடலை நோக்கி எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கும்.

உங்கள் கம்ப்யூட்டரில்

இலவசமாகக் கிடைக்கும் கூகுள் எர்த் ப்ரோவை இன்ஸ்டால் செய்யுங்கள். கிரீன்லாந்தின் மேற்குக் கரைக்குச் சென்று, மேலே கடிகாரப் படமுள்ள பட்டனைக் கிளிக் செய்யுங்கள். ஸ்லைடரை நகர்த்தினால் பழைய ஆண்டுகளின் படங்கள் வரும். அப்படியே உங்கள் ஊர்க் கண்மாயையும் பாருங்கள். கிரேஸின் பார்வைக்கு அது மிகச் சிறியது. எந்த ஆண்டு நிரம்பியது, எந்த ஆண்டு வறண்டது என்பதை நீங்களே குறித்துக் கொள்ளலாம்.