டார்ச் லைட் ஸ்விட்சில் இரண்டு வெளிச்சம்

"அண்ணாச்சி, இதுல டிம், பிரைட் ரெண்டும் இருக்கா?" டார்ச் லைட் கேட்டு வருபவர்களில் பாதிப்பேர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் விலையைக் கேட்கிறார்கள். இரவில் மோட்டார் போட வயலுக்குப் போகிறவருக்கு வரப்பில் நடக்கப் பெரிய வெளிச்சம் வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கச் சின்ன வெளிச்சம் போதும். வாட்ச்மேன் வேலை பார்ப்பவருக்கும் அப்படித்தான். ஒரே வெளிச்சம் உள்ள ரகங்கள் நம் கடைகளில் தேங்கிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படித் தேங்கிய சரக்கில் ஒரு டஜனை எடுத்து, தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து ஸ்விட்சை மாற்றி விற்றுப் பார்த்தேன். விற்ற ஐந்தும் பத்து நாளில் திரும்பி வந்தன. ஐவரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: "புது பேட்டரி ரெண்டு நாள்கூட நிக்கல." அந்தத் தவறு எங்கே நடந்தது என்று பிரித்துப் பார்த்தபோது தெரிந்துகொண்டவற்றைத்தான் நமது உறுப்பினர்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

முதலில் டார்ச் எப்படி எரிகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். பழைய தகர டார்ச்சில் பேட்டரியின் மேல் முனை பல்பின் அடியைத் தொடுகிறது. கீழ் முனை மூடியில் உள்ள ஸ்பிரிங்கைத் தொட்டு, அங்கிருந்து உடல் தகரம் வழியாக மேலே வருகிறது. பக்கத்தில் நாம் தள்ளும் ஸ்விட்ச், அந்தத் தகரத்தையும் பல்பு பிடித்திருக்கும் ரிஃப்ளெக்டரையும் ஒரு பித்தளைப் பட்டையால் இணைக்கிறது. பிளாஸ்டிக் டார்ச்சில் தகரத்துக்குப் பதில் ஒயர் ஓடுகிறது. இந்தப் பாதையில் எந்த இடத்திலாவது ஒரு ரெசிஸ்டரை நுழைத்தால் கரண்டு குறையும், வெளிச்சமும் குறையும். ரெசிஸ்டரைத் தாண்டிப் போக இன்னொரு குறுக்குவழியை ஸ்விட்ச் மூலம் கொடுத்தால் பழைய வெளிச்சம் திரும்பிவிடும். இரண்டு வெளிச்ச வேலை முழுவதும் இவ்வளவுதான்.

ஆனால் இந்த வேலையைக் குண்டு பல்பு டார்ச்சில் செய்வது வீண் என்பது என் அபிப்பிராயம். 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓம் ரெசிஸ்டர் போட்டால் பல்புக்குக் கிடைக்கும் வோல்ட் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். வெளிச்சமோ பாதிக்கும் கீழே போய், மஞ்சளாக அழுது வடியும். கரண்டு மட்டும் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குதான் குறையும். அதாவது பத்து மணி நேரம் ஓடும் பேட்டரி பதினோரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். இழை குளிரக் குளிர அதன் தடை குறைவதால், வெளிச்சம் விழுந்த அளவுக்குக் கரண்டு விழுவதில்லை. பல்பின் ஆயுள் பல மடங்கு கூடும் என்பது உண்மைதான். ஆனால் வாடிக்கையாளர் கேட்பது பேட்டரிச் செலவு குறைவதை. "டிம்ல போட்டா பேட்டரி ரொம்ப நாள் வரும்" என்று குண்டு பல்பு டார்ச்சைக் காட்டிச் சொன்னால் அது பொய் வாக்கு.

எல்.இ.டி. டார்ச்சில் கணக்கே வேறு. அதில் கரண்டு எவ்வளவு குறைகிறதோ ஏறக்குறைய அவ்வளவுதான் வெளிச்சமும் குறையும். இன்னும் சொன்னால், குறைந்த கரண்டில் எல்.இ.டி. சற்றுச் சிக்கனமாகவே எரிகிறது. மூன்று சிறிய பென்சில் பேட்டரி போடும் டார்ச் ஒன்றைப் பார்ப்போம். மூன்றும் சேர்ந்து 4.5 வோல்ட். வெள்ளை எல்.இ.டி. எடுத்துக்கொள்வது சுமார் 3 வோல்ட். மீதி 1.5 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். சின்ன வெளிச்சத்துக்கு 30 மில்லி ஆம்பியர் போதும் என்று வைத்தால், 1.5-ஐ 0.03-ஆல் வகுக்க 50 ஓம் வருகிறது. கடையில் கிடைக்கும் அளவு 47 ஓம். அதில் கால் வாட் ரகமே தாராளம். பெரிய வெளிச்சத்தில் 300 மில்லி ஆம்பியர் இழுத்து மூன்று மணி நேரத்தில் பேட்டரியைத் தீர்க்கும் டார்ச், சின்ன வெளிச்சத்தில் முப்பது மணி நேரம் வரை நிற்கும். வெளிச்சம் பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் கண்ணுக்கு அப்படித் தெரியாது. கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது போலத்தான் தெரியும். வாடிக்கையாளருக்கு இதைவிட லாபமான பேரம் கிடையாது.

இனி என் ஒரு டஜன் கதைக்கு வருகிறேன். அவை எல்.இ.டி. டார்ச்சுகள்தான், ரெசிஸ்டர் அளவும் சரிதான். மெக்கானிக் செய்தது என்னவென்றால், பழைய ஸ்விட்சைப் பெரிய வெளிச்சத்துக்கு அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் துளை போட்டு ஒரு சிறு ஸ்விட்சை வைத்து, அதன் வழியாக ரெசிஸ்டருக்குத் தனிப் பாதை கொடுத்துவிட்டார். ஆக, டார்ச்சுக்கு இரண்டு வாசல். வாங்கியவர் சின்ன ஸ்விட்சைப் போடுவார், பிறகு பெரியதையும் போடுவார். வேலை முடிந்ததும் பழக்கப்படி பெரியதை மட்டும் அணைத்துப் பைக்குள் வைப்பார். சின்ன வெளிச்சம் பைக்குள் எரிந்துகொண்டே இருக்கும். பகலில் யார் கண்ணிலும் படாது. முப்பது மணி நேரத்துப் பேட்டரி இரண்டாம் நாள் தீராமல் என்ன செய்யும்?

சரியான முறையில் வாசல் ஒன்றுதான். பழைய ஸ்விட்ச் முழுப் பாதைக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அதற்கு அடுத்து ரெசிஸ்டர். புதுச் சிறு ஸ்விட்சின் இரு கால்களையும் அந்த ரெசிஸ்டரின் இரு முனைகளில் ஈயம் வைத்துப் பற்ற வேண்டும். பெரியதைப் போட்டால் சின்ன வெளிச்சம். அத்துடன் சிறியதையும் போட்டால் பெரிய வெளிச்சம். சிறியது எந்த நிலையில் இருந்தாலும் பெரியதை அணைத்தால் எல்லாம் அணையும். எமர்ஜென்சி லைட்டுகளில் வரும் மூன்று நிலைத் தள்ளு ஸ்விட்ச் கிடைத்தால் துளை போடும் வேலையும் மிச்சம்: நடுவில் அணைப்பு, ஒரு பக்கம் நேர்ப்பாதை, மறுபக்கம் ரெசிஸ்டர் வழி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் இவை மொத்தமாகவே கிடைக்கின்றன.

பின் மூடியில் ரப்பர் பட்டன் உள்ள அலுமினிய டார்ச்சுகளை மட்டும் தொட வேண்டாம். பெரும்பாலானவற்றில் உள்ளே ஒரு சிப் இருக்கிறது. பட்டனை அரைகுறையாக அமுக்கினால் கரண்டு ஒரு கணம் விட்டு வரும். அதைச் சிப் எண்ணிக்கொண்டு பெரிய வெளிச்சம், சின்ன வெளிச்சம், மின்னல் என்று வரிசையாக மாற்றும். சின்ன வெளிச்சம் என்பது எல்.இ.டி.யைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்து எரிப்பதுதான். இருட்டில் டார்ச்சை வேகமாக வீசிப் பாருங்கள், வெளிச்சம் துண்டு துண்டாகத் தெரியும். இதில் ரெசிஸ்டரும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். இந்த ரகம் "ஸ்விட்ச் லூஸ், தானா மாறுது" என்ற புகாருடன் திரும்பி வருவதும் உண்டு. பில் போடும் முன் மூன்று முறை அமுக்கிக் காட்டிவிட்டால் அந்த வழக்கே இருக்காது. லித்தியம் பேட்டரி உள்ளவற்றில் பேட்டரியின் மேலேயே ஈயம் பற்றவைப்பது தீ விபத்துக்கு வழி. அந்த வேலைக்கு எவ்வளவு கூலி கொடுத்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு விஷயம், சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 86-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் அல்லாத விற்பனையாளர் பொருளில் மாற்றம் செய்து, அந்த மாற்றமே கேடு விளைய முக்கியக் காரணமாக இருந்தால் பொறுப்பு விற்பனையாளருடையது. தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தை நாமாகத் தனியே கொடுத்து, பொருள் அதன்படி இல்லாமல் கேடு விளைந்தாலும் அப்படியே. கம்பெனிப் பெட்டியில் அடைத்து, மாற்றிய விவரம் சொல்லாமல் விற்றுவிட்டுப் பிறகு கம்பெனியைக் கைகாட்ட முடியாது. மாற்றிய டார்ச்சுக்குப் பில்லில் "ஸ்விட்ச் மாற்றியது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குவதை இப்போது வழக்கமாக வைத்திருக்கிறேன். அது பொறுப்பைத் துடைத்துவிடாது. ஆனால் பிற்பாடு சொல்லவில்லை என்ற பேச்சு எழாது.

மெக்கானிக்கிடமிருந்து சரக்கு வந்ததும் மல்டி மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து, பேட்டரிக்கும் மூடிக்கும் நடுவே பிடித்துப் பார்க்க வேண்டும். பெரிய ஸ்விட்ச் அணைந்திருக்க, சிறியதைப் போட்டும் அணைத்தும் இருமுறை பாருங்கள். இரண்டு முறையும் முள்ளோ எண்ணோ பூஜ்யத்தில் நிற்க வேண்டும். சற்று அசைந்தாலும் அந்த டார்ச் மெக்கானிக்கிடமே திரும்ப வேண்டியதுதான்.

அந்த ஐவருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு பன்னிரண்டையும் பிரித்துச் சரியான முறையில் பற்றவைத்து, பில்லில் எழுதியே பதினொன்றை விற்றுவிட்டேன். ஒன்று கல்லாவுக்குக் கீழே இருக்கிறது. கரண்டு போகிற நேரத்தில் அதன் சின்ன வெளிச்சத்தில்தான் பில் போடுகிறோம்.