ஓய்வையும் கேட்டு வாங்கலாம்

எதிர்வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். போன மாதம் அவளுடைய அம்மா ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மூன்று நிறப் பேனாவில் எழுதிய டைம்டேபிள். காலை 4.30-க்கு எழுந்திருக்க வேண்டும். 6.15 வரை உயிரியல். 6.50-க்குப் பள்ளி வேன். மாலை 6.30 வரை ஸ்பெஷல் கிளாஸ். 7.15 முதல் 9 வரை டியூஷன். பிறகு இரவு 11.30 வரை அன்றைய பாடம். ஞாயிறு காலையில் நீட் டெஸ்ட், மதியம் அந்த டெஸ்டுக்கு விளக்க வகுப்பு.

"குளிக்க, சாப்பிட எங்கேடி நேரம் போட்டிருக்கே?" என்று கேட்டிருக்கிறார். "அதெல்லாம் நடுவுல முடிச்சுக்குவேம்மா" என்றாளாம்.

பத்து நாளாகத் தலைவலி. தம்பி ரிமோட்டைப் பிடுங்கினதற்கு அரை மணி நேரம் அழுகை. நன்றாகத் தெரிந்த கேள்விக்கே டெஸ்டில் பதில் வரவில்லை. "இவளுக்கு என்னமோ ஆயிடுச்சுங்க" என்றார் அம்மா. நான் அந்தத் தாளையே கூட்டிப் பார்த்தேன். தூக்கம் ஐந்து மணி நேரம். 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவ வல்லுநர்கள். குறைந்தபட்சக் கணக்கில் பார்த்தாலும் அவளுக்கு வாரத்துக்கு 21 மணி நேரம் பாக்கி. இரண்டு முழு ராத்திரிகளுக்கு மேல் தூங்காமல் இருந்ததற்குச் சமம்.

விடியற்காலையில் படித்தால் மனதில் நிற்கும் என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்கிறோம். எட்டு மணிக்கெல்லாம் ஊர் அடங்கிய நாட்களில் அது சரியாக இருந்திருக்கும். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கூட்டிவரும் மெலடோனின் அவர்களுக்குத் தாமதமாகத்தான் சுரக்கிறது. பத்தரைக்கு முன்னால் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொன்னால் அது சாக்கு இல்லை. அப்படிப் படுத்த பிள்ளையை நாலரைக்கு எழுப்பினால் வெட்டுப்படுவது தூக்கத்தின் கடைசிப் பகுதி, கனவுகள் அதிகம் வரும் பகுதி. படித்ததை மூளை அடுக்கி நிலையான நினைவாக மாற்றுவது தூங்கும்போதுதான். விடிய விடியப் படித்தவள் தெரிந்த பதிலை மறந்ததில் ஆச்சரியமே இல்லை.

ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் மொபைல் பார்க்கிறாள் என்பது அந்த அம்மாவின் இன்னொரு புகார். பகல் முழுக்கத் தனக்கென்று அரை மணி நேரம் கிடைக்காத பிள்ளை அதைத் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. போனைப் பிடுங்கி வைத்தால் மட்டும் இது தீராது. பகலிலேயே அந்த அரை மணி நேரத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு இதிலும் கூடுதல் சுமை. டியூஷன் முடிந்து வந்ததும் அண்ணன் டிவி முன்னால் உட்காருவான், தங்கை பாத்திரம் விளக்குவாள். இதை மாற்ற எந்தச் சட்டமும் வரப்போவதில்லை. நாம்தான் எழுந்து போய் அந்தப் பாத்திரத்தை வாங்க வேண்டும்.

மற்றதற்கெல்லாம் சட்டத்தின் துணை உண்டு. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. 1992-இல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. அதன் கணக்கில் 18 வயது நிறையாத எல்லாருமே குழந்தைகள்தான், பிளஸ் டூ மாணவி உட்பட.

இன்னும் வலுவான ஆயுதம் 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்காக ஹாஸ்டலில் தங்கியிருந்த 17 வயது மாணவி 2023-இல் இறந்துபோனாள். அவளுடைய தந்தை தொடுத்த வழக்கு அது. 2022-இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள் என்ற தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு நீதிபதிகளின் முன்னால் இருந்தது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு, மனநலமும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று சொல்லி 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. தனிச் சட்டம் வரும்வரை பள்ளி, கல்லூரி, கோச்சிங் சென்டர், ஹாஸ்டல் எல்லாவற்றையும் அவை கட்டுப்படுத்தும். 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். முடிந்தவரை மார்க்கை வைத்துப் பேட்ச் பிரிக்கக் கூடாது, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தக் கூடாது, சக்திக்கு மீறிய இலக்கு கொடுக்கக் கூடாது. உதவி எண்களை வகுப்பிலும் ஹாஸ்டலிலும் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். உங்கள் பிள்ளையின் பள்ளிச் சுவரில் அந்த எண் இருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

கோச்சிங் சென்டர்களுக்கென்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. வகுப்பு நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதிகாலையிலும் இரவு வெகுநேரம் கழித்தும் கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை கட்டாயம், அதற்கு மறுநாள் டெஸ்ட் வைக்கக் கூடாது. முழுக் கட்டணமும் கட்டியவர் பாதியில் விலகினால், மீதிக் காலத்துக்கான பணத்தை ஹாஸ்டல், மெஸ் கட்டணத்தோடு சேர்த்துப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும். "கட்டின பணம் போயிடுமே" என்பதற்காகவே பிள்ளையை அங்கே விட்டுவைத்திருக்கும் பெற்றோர் நிறையப் பேர். மாநில அரசு விதிகளாக்கி நடைமுறைப்படுத்தினால்தான் இதற்கு முழு வலு வரும் என்பது உண்மை. ஆனாலும் எழுதிக் கேட்கும்போது இதைக் குறிப்பிட்டால் நிர்வாகம் யோசிக்கும்.

வாயால் கேட்டது காற்றோடு போய்விடும். மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அசையவில்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலர். அதற்கும் மேலே, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம். பெயர் தெரிந்தால் பிள்ளையைக் கட்டம் கட்டிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் சேர்ந்து கொடுக்கச் சொல்கிறேன்.

எல்லாமே தூக்கக் குறைவு என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் தூங்க விட்டும் இரண்டு வாரமாகச் சோர்வு விலகவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த விஷயத்தில்கூட ஆர்வமில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓபி சீட்டு போட்டால் போதும். அரசு நடத்தும் அல்லது நிதி கொடுக்கும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. நோய் விவரத்தை ரகசியமாகக் காக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. 18 வயதுக்குள் என்றால் பெற்றோர் கூடவே போக வேண்டும்.

"நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. சொல்ல ஆள் கிடைத்தது என்ற நிம்மதிதான் வரும். தனியாக விடாதீர்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ம் உண்டு. 18 வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

எதிர்வீட்டு அம்மா இன்னும் மூன்று பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்குப் போய் மனு கொடுத்தார். ஞாயிறு டெஸ்ட் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான். ஸ்பெஷல் கிளாஸ் நேரம் குறையவில்லை, அதைப் பற்றி முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதிய மனுவுக்குப் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். விடியற்கால உயிரியலை வீட்டிலேயே எடுத்துவிட்டார்கள். பத்தரைக்கு விளக்கணைத்து ஆறு மணிக்கு எழுகிறாள். எட்டு மணி நேரத்துக்கு இன்னும் அரை மணி குறைகிறது. அதை டியூஷனிலிருந்து எடுக்கலாமா என்று அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.