எண்ணிமத் திசைகாட்டிப் பிழை

எண்ணிமத் திசைகாட்டிப் பிழை என்பது கைபேசி, கைக்கடிகாரம், முக்குளிப்புக் கணினி போன்ற கருவிகளில் உள்ள மின்னணுத் திசைகாட்டி, உண்மையான திசையிலிருந்து விலகிய திசையைக் காட்டுவதைக் குறிக்கும். பெரும்பாலான வேளைகளில் இதற்குக் காரணம் உணரியின் பழுது அன்று. உணரிக்கு அருகில் உள்ள வேறு காந்தப்புலமே ஆகும்.

செயற்படும் முறை

இக்கருவிகளில் ஊசி இல்லை. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அச்சுகளில் காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியும், கருவியின் சாய்வை அறியும் முடுக்கமானியும் உள்ளன. இரண்டின் அளவீடுகளையும் கொண்டு திசை கணிக்கப்படுகிறது. திருவண்ணாமலைப் பகுதியில் புவிக்காந்தப் புலத்தின் செறிவு ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா மட்டுமே. இதற்குச் செங்குத்தாக 10 மைக்ரோடெஸ்லா அளவுள்ள வேறொரு புலம் சேர்ந்தாலே திசை 14 பாகை விலகிவிடும்.

பிழைக்கான காரணங்கள்

* கருவியுடன் நகரும் காந்தங்கள்: காந்த மூடியுள்ள கைபேசி உறை, ஒலிபெருக்கி, எஃகு உறையுள்ள மின்கலம் முதலியன. மின்கலத்தை மாற்றியபின் திசை தவறுவது இதனாலேயே.
* சுற்றுப்புற இரும்பு: வாகனம், இரும்புத் தடுப்பு, கான்கிரீட்டினுள் உள்ள கம்பி. முக்குளிப்பவருக்கு எஃகு காற்றுக்கலன், காந்த விசையுள்ள கைவிளக்கு ஆகியன.
* சாய்வு: முடுக்கமானி சரியாக இயங்காவிடில் சாய்த்துப் பிடிக்கும்போது திசை மாறும். திருவண்ணாமலை காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே காந்தச் சரிவு குறைவு. எனவே 10 பாகை சாய்த்தாலும் பிழை ஏறத்தாழ 2 பாகை மட்டுமே. காந்தச் சரிவு 40 பாகைக்கும் மேலுள்ள தில்லியில் அதே சாய்வு 8 பாகைக்கும் மேற்பட்ட பிழையைத் தரக்கூடும்.
* காந்த ஒதுக்கம்: காந்த வடக்குக்கும் புவியியல் வடக்குக்கும் இடையிலான கோணம். திருவண்ணாமலையில் இது ஏறத்தாழ 1 முதல் 2 பாகை மேற்கு ஆகும். ஆகவே இங்கு 15 பாகை பிழை காணப்பட்டால் அதற்குக் காந்த ஒதுக்கம் காரணமாக இருக்க முடியாது.

திருத்தும் முறை

1. உறை, சாவி, கைவிளக்கு ஆகியவற்றை அகற்றி, வாகனங்களிலிருந்து சில மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.
2. கருவியின் அளவுதிருத்த வசதியை இயக்கி, காற்றில் எட்டு வடிவில் அல்லது மூன்று அச்சுகளிலும் மெதுவாகச் சுழற்ற வேண்டும். கருவியுடன் நகரும் காந்தத்தின் பங்கை மென்பொருள் கண்டறிந்து கழித்துவிடும்.
3. நிலப்படத்தில் அறிந்த ஓரிடத்தில் நின்று, தொலைவில் உள்ள அடையாளம் ஒன்றின் திசையை ஒப்பிட வேண்டும். 814 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலையின் உச்சி இதற்கு ஏற்றது. கிரிவலப் பாதையில் உள்ள எட்டு இலிங்கங்கள் எண்திசைகளுக்கு உரியனவாகக் கொள்ளப்படினும், அவை சரியாக 45 பாகை இடைவெளியில் அமைந்தவை அல்ல; எனவே அளவுகோலாகப் பயன்படா.

அளவுதிருத்தத்தின் வரம்பு

கருவியுடன் நகராத காந்தத்தை அளவுதிருத்தத்தால் நீக்க இயலாது. திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள கவுத்திமலை, வேடியப்பன்மலை ஆகியவற்றில் மேக்னடைட்டு என்னும் காந்த இரும்புத் தாது உண்டு. சேலம் கஞ்சமலையும் அத்தகையதே. இத்தகைய பாறைகளின் அருகே நல்ல நிலையில் உள்ள கருவியும் தவறான திசையைக் காட்டக்கூடும். அங்கு அளவுதிருத்தம் செய்தால், பாறையை விட்டு விலகிய பின்பும் பிழை தொடரலாம்.

நில அளவையாளர்கள் இதனை உள்ளூர் ஈர்ப்பு என்பர். இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. 'அ' என்னும் இடத்திலிருந்து 'ஆ' என்னும் இடத்தின் திசையையும், பின் 'ஆ'விலிருந்து 'அ'வின் திசையையும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 180 பாகை வேறுபாடு இல்லையெனில், ஓரிடத்திலாவது உள்ளூர் ஈர்ப்பு உள்ளது எனலாம்.

முதன்மை

தரையில் செயற்கைக்கோள் இடங்காட்டி துணை நிற்கும். நீருக்கடியில் அதன் குறிகைகள் எட்டுவதில்லை. மாவட்டத்திலுள்ள சாத்தனூர் நீர்த்தேக்கம் போன்ற நீர்நிலைகளில், நீர் கலங்கியிருக்கும்போது முக்குளிப்பவர் திசைகாட்டியையே நம்ப வேண்டியிருக்கும். 10 பாகை பிழையுடன் 100 மீட்டர் நீந்துபவர், சேரவேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ 17 மீட்டர் விலகியிருப்பார். ஆகையால் முழு உடைமையையும் அணிந்த நிலையில், நீரில் இறங்கும் முன்னரே திசையைக் கரையில் சரிபார்ப்பது இன்றியமையாதது ஆகும்.