இது பருவமா, எச்சரிக்கையா? பிள்ளைகளின் வளர்ச்சிப் படிகளை அறிவோம்

நான்கு வயது நிரம்பியதும் பிள்ளையை மக்தபில் சேர்க்கிறோம். ஆறு மாதம் கழித்தும் 'ஐன்' எழுத்து வாயில் வரவில்லை என்றால் பதறிப் போகிறோம். 'பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓதுகிறதே' என்று கண்டிக்கிறோம். அதே வீட்டில் இரண்டு வயதாகியும் பேச்சு வராத இன்னொரு பிள்ளை இருக்கும். அதைப் பற்றிக் கேட்டால், 'இவன் அத்தாவும் மூன்று வயதில்தான் பேசினான்' என்று பதில் வருகிறது.

பொறுக்க வேண்டிய இடத்தில் அவசரப்படுகிறோம். அவசரப்பட வேண்டிய இடத்தில் பொறுத்திருக்கிறோம். நைனார்பாளையம், சின்னசேலம் பக்கத்துக் குடும்பங்கள் மட்டுமல்ல, தமிழகம் முழுக்க நம் வீடுகளில் காணும் நிலைமை இதுதான். எந்த வயதில் எது வரும், எது வராது என்று தெரிந்துகொண்டால் இந்த இரண்டு தவறுகளிலிருந்தும் தப்பலாம்.

தமிழ் அறிந்த படிகள்

குழந்தையின் வளர்ச்சியைப் படிகளாகப் பார்ப்பது மேற்கிலிருந்து வந்த புதுச் சிந்தனை அல்ல. பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியம் மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை பத்துப் பருவங்களாகக் குழந்தையைப் பாடுகிறது. ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணி: கை கொட்டும் பருவம். அடுத்து முத்தம், அதன் பின் தளர்நடை போட்டு வரும் வருகை. நபிகள் நாயகத்தின் மீதும் பிள்ளைத்தமிழ் பாடிய முஸ்லிம் புலவர்கள் உண்டு. தலை நிற்கிறதா, கை தட்டுகிறதா, நடக்கிறதா என்று இன்றைய குழந்தை மருத்துவர் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ இவையே.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பார்த்தே கற்பிக்கிறது. அரும்பை விரித்து மலராக்க முடியாது என்பது பூக்கட்டத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

காது முதலில், நாக்கு பிறகு

மொழி வளர்ச்சியைப் பற்றி 1984-ல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. இந்தி மொழியின் 'த', 'ட' ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தெரியவில்லை. வீட்டில் கேட்காத ஒலிகளைக் காது ஒரு வயதுக்குள்ளேயே ஒதுக்கி வைத்துவிடுகிறது.

'த', 'ட' நம் பிள்ளைகளுக்குச் சிக்கல் இல்லை; தமிழில் இருக்கின்றன. ஆனால் 'ஸீன்', 'ஸாத்' வேறுபாடும், 'ஐன்' எழுத்தின் தொண்டை ஒலியும் தமிழ் பேசும் வீட்டில் கேட்பதில்லை. ஆகவே மக்தபில் திணறும் பிள்ளை சோம்பேறி அல்ல. அதன் காது தமிழுக்குப் பழகியிருக்கிறது. கதவு நிரந்தரமாக மூடிவிட்டது என்று பொருள் அல்ல. திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். குழப்பும் இரண்டு எழுத்துகளை ஒருநாளில் ஒரு ஜோடியாக மட்டும் எடுத்து, உஸ்தாதின் வாயசைவைப் பார்த்துச் சொல்ல வைத்தால் மெல்ல மெல்ல வரும். பிரம்பால் காது திறக்காது.

வீட்டில் உருது, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று இருந்தால் பேச்சு தாமதமாகும் என்று பலர் அஞ்சுகிறார்கள். பல மொழிகளைக் கேட்டு வளர்வது பேச்சுக் குறைபாட்டை உண்டாக்காது என்பதே ஆய்வுகளின் முடிவு.

பொய்யல்ல, பருவம்

சுவிட்சர்லாந்தின் ஜீன் பியாஜே (1896–1980) பிள்ளைகளின் சிந்தனையை நான்கு படிகளாகப் பிரித்தார். முதல் இரண்டு ஆண்டுகள் தொட்டும் சுவைத்தும் அறியும் பருவம். இரண்டு முதல் ஏழு வரை சொல்லும் கற்பனையும் பெருகும். ஆனால் கண்ணுக்குத் தெரிவதே உண்மை. ஏழு முதல் பதினொன்று வரை, கையில் பிடிக்கும் பொருள்களைப் பற்றி ஒழுங்காகக் காரணம் காண முடியும். அதன் பிறகே கண்ணால் காணாத கருத்துகளைப் பற்றி யோசிக்கும் திறன் வளர்கிறது.

அகலமான டம்ளரில் இருக்கும் பாலைப் பிள்ளையின் கண் முன்னே உயரமான கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை 'இதில்தான் நிறைய' என்று சொல்லும். அண்ணனுக்கு உயரமான டம்ளர் போனால் அழும். அது அடம் அல்ல. அளவு மாறவில்லை என்று உணரும் படிக்கு அது இன்னும் வரவில்லை.

1932-ல் வெளியான நூலில் பியாஜே இரண்டு சிறுவர்களின் கதையைச் சொல்லிப் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்டார். ஒருவன் கதவைத் திறக்கும்போது, பின்னால் இருந்தது தெரியாமல் பதினைந்து கோப்பைகளை உடைத்துவிட்டான். மற்றவன் தாய்க்குத் தெரியாமல் ஜாம் எடுக்கப் போய் ஒன்றை உடைத்தான். யார் பெரிய குற்றவாளி? சிறிய பிள்ளைகளில் பலர் பதினைந்தை உடைத்தவனையே சொன்னார்கள். வளர்ந்த பிள்ளைகள் எண்ணத்தைப் பார்த்தார்கள்.

நிய்யத்தை வைத்துச் செயலை எடைபோடும் மார்க்கம் நம்முடையது. அந்த நிய்யத்தைப் புரிந்துகொள்ளவே பிள்ளைக்கு வயது தேவைப்படுகிறது. அதே சமயம், எண்ணத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னால் நான்கைந்து வயதினரும் ஓரளவு கவனிக்கிறார்கள் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. 'தம்பி வேணும்னே உடைச்சானா, தெரியாம உடைச்சானா?' என்று நாம் கேட்கும் ஒரு கேள்வி பெரிய பாடம். ரஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கி சொன்னதும் இதுதான்: தனியாக முடியாததைப் பெரியவர் துணையோடு பிள்ளை செய்யும், அந்த இடைவெளியில்தான் கல்வி நடக்கிறது.

ஏழும் பத்தும்

பிள்ளைகளுக்கு ஏழு வயதில் தொழுகையை ஏவும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். கண்டிப்பு பத்து வயதில்தான் பேசப்படுகிறது. இடையில் மூன்று ஆண்டுகள். சந்திர ஆண்டுக் கணக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்கள். நாளுக்கு ஐந்து வேளை என்றால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அன்பான நினைவூட்டல்கள். அந்த அவகாசம் முழுவதையும் விட்டுவிட்டு நான்கு வயதில் கையோங்குவதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்ட முடியாது. பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே நபியவர்கள் தொழுதிருக்கிறார்கள்.

பதினான்காம் நூற்றாண்டு அறிஞர் இப்னு கல்தூன் தமது முகத்திமாவில், பாடத்தைப் படிப்படியாகத் தர வேண்டும் என்றும், கடுமை பிள்ளைகளைச் சோம்பலுக்கும் பொய்க்கும் தள்ளும் என்றும் எச்சரித்தார். அடிக்குப் பயந்து 'ஓதிட்டேன்' என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

எங்கே காத்திருக்கக் கூடாது?

படிகள் எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. நம் பகுதியில் மக்காச்சோளமும் மரவள்ளியும் ஒரே காலத்தில் அறுவடைக்கு வருவதில்லை. ஆனால் விதைத்தது முளைக்கவே இல்லை என்றால் விவசாயி சும்மா இருக்க மாட்டார். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்:

- ஒரு வயதிலும் மழலை ஒலி இல்லை. விரல் நீட்டிக் காட்டுவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை.
- பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை.
- இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் தா' போல இரண்டு சொற்களைச் சேர்த்துத் தானாகப் பேசுவதில்லை.
- எந்த வயதிலும், பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது செவிப் பரிசோதனை. சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களில் பிறவிச் செவிக்குறைபாடு கூடுதலாகக் காணப்படுவதால் நாம் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். கேளாத பிள்ளைக்குக் கருவியோ அறுவை சிகிச்சையோ சீக்கிரம் கிடைத்தால் பேச்சு வர வாய்ப்பு அதிகம். வருடங்கள் கடந்தால் குறைகிறது.

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டத்தில் பிறந்தது முதல் பதினெட்டு வயது வரை இலவசப் பரிசோதனை உண்டு. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிறது. மேல்சிகிச்சைக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்புவார்கள். குழு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். 'ஊர் என்ன சொல்லும்' என்ற கூச்சத்துக்குப் பிள்ளையின் பேச்சு விலையாகிவிடக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது

சோறு ஊட்ட செல்போனைக் கொடுக்காதீர்கள். இரண்டு வயது நிரம்பும் வரை திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது. திரை பேசும், பிள்ளைக்குப் பதில் சொல்லாது. பதில் சொல்லும் வாயிலிருந்துதான் பிள்ளை மொழியைக் கற்கிறது. வளைகுடாவில் இருக்கும் தந்தை வீடியோ அழைப்பில் பெயர் சொல்லிப் பேசுவது வேறு. அங்கே கேள்வியும் பதிலும் இருக்கிறது.

பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் வயதுக்கு மீறியதைக் கேட்காமல் இருப்பதும், அதன் வயதுக்கு வர வேண்டியது வராதபோது விழித்துக்கொள்வதும் அந்த அமானிதத்தைப் பேணுவதில் அடங்கும்.

நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.