கிளைப் பாதையில் ரயில் ஏன் தயங்குகிறது?

மாலை வேளையில் சென்னை மூர் மார்க்கெட் வளாக ரயில் நிலையத்தில் நின்றிருக்கிறீர்களா? ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று மின்சார ரயில்கள் புறப்பட்டவண்ணம் இருக்கும். ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’ என்ற அறிவிப்போ எப்போதாவதுதான் காதில் விழும். அதைத் தவறவிட்டவர் வேறு வண்டியில் ஏறி வழியில் இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தோ பஸ்ஸிலோ கடக்க வேண்டியதுதான்.

1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டதே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை. அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் பிரதான பாதை அதுதான். ‘சைடிங்’ என்றால் பக்கப் பாதை. பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தவும் சரக்கு ஏற்றி இறக்கவும் இடப்படுவது. ராணுவத் தேவைக்கு இடப்பட்டது என்பதை ‘மிலிட்டரி’ என்ற சொல்லே காட்டிவிடுகிறது. இன்று அங்கே இறங்குவோர் சாதாரணப் பயணிகள்!

ஆவடியைத் தாண்டியபின் இவ்வண்டி பிரதான பாதையை விட்டுப் பிரிகிறது. அந்த இடத்தில் வேகம் வெகுவாகக் குறையும். காரணம் என்ன? சாதாரண வளைவில் வெளிப்புறத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி, வண்டியை உட்புறம் சாய்ப்பார்கள். பாதை பிரியுமிடத்தில் அப்படிச் செய்ய முடியாது. கிளையின் தண்டவாளம் நேர்ப்பாதையின் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்க வேண்டுமே! ஒன்றை உயர்த்தினால் மற்றதில் செல்லும் வண்டிக்கு ஆபத்து.

வளைவில் திரும்பத் தேவையான விசை, வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டரில் திரும்ப வேண்டிய வண்டி 90 கிலோமீட்டரில் வந்தால், வேகம் 3 மடங்கு. விசையோ 9 மடங்கு! ஆகவேதான் இந்த நிதானம். வண்டியின் கடைசிப் பெட்டி பிரிவைத் தாண்டும்வரை, அதே பாதையில் பின்னால் வரும் வண்டி காத்திருக்க வேண்டும். நெரிசல் மிகுந்த பாதையில் ஒவ்வொரு கிளை வண்டிக்கும் கொடுக்கும் விலை இது. பயணிகளின் முணுமுணுப்பும் நியாயந்தான். ஆனால் இயற்பியலோடு வழக்காட முடியாதே.

கடைசி நிலையத்தில் ஒரு வசதி உண்டு. தனி எஞ்சின் இழுக்கும் வண்டியானால், எஞ்சினைக் கழற்றி, வேறொரு தடத்தில் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்ட வேண்டும். மின்சார ரயிலுக்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. டிரைவரும் கார்டும் இடம் மாறிக்கொண்டால் போதும், கடைசிப் பெட்டி முதல் பெட்டியாகிவிடும்.