கோலமும் கணிப்பொறியும்

மார்கழி விடியலில் சுசீந்திரத்துத் தெருக்களில் நடந்து செல்வோர் இருவகைக் கோலங்களைக் காணலாம். ஒன்றில், புள்ளிகளை வரிசையாக இட்டுப் பின்னர்க் கோடுகளால் இணைக்கின்றனர். மற்றொன்றில், ஒரே இழை புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே மீள்கிறது. இதனைக் கம்பிக் கோலம் என்பர். நிரல் எழுதிப் படம் வரைய விரும்பும் மாணவர் எந்தக் கருவியைக் கொண்டு தொடங்குவது என்னும் வினாவுக்கும் இவ்விரு கோலங்களே விடை கூறுகின்றன.

கோடு, வட்டம், வண்ணம் ஆகியவற்றைத் திரையில் இடுவதற்குரிய கட்டளைகளின் தொகுதியே வரைகலை நூலகம். இத்தகைய நூலகங்கள் பல உள. ‘ஓபன்ஜிஎல்’ ஆற்றல் மிக்கது. ஆனால் அதில் ஒரு முக்கோணம் காண்பதற்குள் பல வரிகள் எழுத வேண்டும். புதியவர் அதற்குள் சோர்ந்து, ‘இது நமக்கு வராது’ என்று விலகிவிடுவார். ஆகவே, முதற் கோடு தோன்றும் முன் எத்தனை வரி எழுத வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை வேறில்லை என்பது என் கருத்து.

சீமோர் பேப்பர்ட்டும் அவர்தம் தோழர்களும் 1967-இல் சிறுவர்க்கென ‘லோகோ’ என்னும் மொழியை ஆக்கினர். அதனோடு புகழ்பெற்ற ஆமை, இன்று ‘பைத்தான்’ மொழியுடன் ‘டர்ட்டில்’ என்னும் பெயரில் இலவசமாகவே வருகிறது. ‘100 அடி முன்னே செல், 90 பாகை வலப்புறம் திரும்பு’ என நான்கு முறை சொன்னால் சதுரம் பிறக்கும். திருப்பத்தை 144 பாகையாக்கி ஐந்து முறை சொல்லுங்கள். ஐந்துமுனை விண்மீன் தோன்றும். ஆமை மொத்தம் 720 பாகை, அதாவது இரு முழுச்சுற்று, திரும்பியிருக்கும். வடிவியலை இவ்வளவு இனிமையாகக் கற்பிக்கும் கரும்பலகை ஏது? கம்பிக் கோலமிடும் கையும் இவ்வாறே செல்கிறது. இடத்தின் எண்ணை அது கேட்பதில்லை, அடுத்த திருப்பத்தையே நினைக்கிறது.

இது வெறும் உவமை அன்று. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்து 1974-இல் கட்டுரை வெளியிட்டனர். வாசலில் இடும் கோலம் கணிப்பொறியியலின் ஆய்வுப் பொருளாயிற்று.

புள்ளிக் கோலத்துக்கு உகந்தது வேறு. கேசி ரியாஸ், பென் ஃப்ரை இருவரும் 2001-இல் தொடங்கிய ‘பிராசசிங்’கும், அதன் வழியில் லாரன் மெக்கார்த்தி ஆக்கிய ‘பி5’ நூலகமும் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு எண்களால் குறிக்கின்றன. ஒரு சுழற்சிக்குள் மற்றொரு சுழற்சி வைத்தால் ஐந்துக்கு ஐந்தாக 25 புள்ளிகள் நொடியில் நிரம்பும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: இங்கே தொடக்கம் திரையின் இடப்புற மேல்மூலை, இரண்டாம் எண் பெருகப் பெருகப் புள்ளி கீழே இறங்கும். வரைபடத்தாளில் மேல்நோக்கி எண்ணிப் பழகிய மாணவருக்குப் படம் தலைகீழாகத் தெரிவது இதனாலேயே.

ஆமை மெல்ல நடக்கும். பெரிய கோலத்துக்குப் பொறுமை வேண்டும். ஆயினும் முதல் வாரத்துக்கு ஆமையையே நான் சொல்வேன். கணிப்பொறி இல்லாத வீட்டு மாணவர் ‘பி5’-இலிருந்தே தொடங்கலாம். உலாவி உள்ள கைபேசியும் இணையமும் அதற்குப் போதும்.