சந்தில் முடிந்த புல்

திருவண்ணாமலைக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையில் பிறந்து வரும் செய்யாற்றின் கரையில் அமைந்த செங்கத்தைப் பிரயாணிகள் பலர் பேருந்தில் இருந்தபடியே கண்டு கடந்து போகின்றனர். ஆயினும் அவ்வூரின் மனோகரமான இயல்பு, பந்துக்கள் சூழ ஆற்று மணலில் இறங்கி, மலையடிவாரம் வரை கால்நடையாகச் சென்று வருபவர்களுக்கே புலனாகும்.

காணும் பொங்கலன்று இப்பிரதேசத்துக் குடும்பங்கள் கட்டுச்சோற்று மூட்டையுடன் சாத்தனூர் அணைக்கும் ஆற்றங்கரைகளுக்கும் புறப்படுவது நெடுநாளைய வழக்கம். வெள்ளம் வற்றிய ஆற்றில் பாட்டி ஒருத்தி உட்கார்ந்து கையால் மணலை அகழ்ந்து ஊற்றுக் காண்பதும், முதலில் கலங்கி வந்த நீர் சற்று நேரத்தில் தெளிந்து நிற்பதைக் கண்டு குழந்தைகள் வியப்பதும், மேலே வறண்டு கிடக்கும் ஆறு மணலுக்கடியில் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கிறது என்னும் உண்மையை அவர்கள் அன்றே அறிந்துகொள்வதும், எந்தப் பள்ளிப் பாடத்துக்கும் குறையாத கல்வியாகும். மலைமேல் ஏறினால், சாமை விளையும் சரிவுகளையும், அவற்றை உழுது வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்களின் ஊர்களையும் காணலாம்.

சுற்றத்தோடு இந்நிலத்தை நடந்து காணும் வழக்கம் நமக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், 583 அடிகளில், செங்கண்மா என்று அன்று வழங்கிய இவ்வூரை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், குடும்பத்தோடு எதிர்ப்பட்ட வேறொரு கூத்தனுக்கு வழி சொல்வதாகப் பெருங்கௌசிகனார் பாடியது. மலையை யானையாகவும், அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்தமையால் நூல் அப்பெயர் பெற்றது. அருவியின் முழக்கமும், தேனெடுத்தவர்களின் ஆரவாரமும், தினை குற்றும் பெண்களின் பாட்டும் அவ்வோசைகளுள் அடங்குவன. வழுக்கும் பாறைகளில் கொடியைப் பற்றி ஏறுக, பன்றிக்காக வைத்த பொறிகளுக்கு ஒதுங்குக, மலைவாசிகளின் இல்லங்களில் உங்கள் சொந்த வீட்டைப்போல் தயங்காது நுழைக என்றெல்லாம், மூத்த அண்ணன் தம்பிக்குச் சொல்வதுபோல் அக்கூத்தன் சொல்லிக்கொண்டே போகிறான்.

போரில் மாண்ட வீரர்க்கு நட்ட கற்களை வணங்கிச் செல்லுமாறும் அவன் பணிக்கிறான். இவ்வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்ட பல்லவர் காலத்து நடுகற்களை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாகத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை வெளியிட்டது. பாட்டில் கேட்ட மரபைக் கல்லில் எழுத்தாகவே காணும் பாக்கியம் இந்நிலத்துக்கு உண்டு.

அக்கூத்தன் கூறுவனவற்றுள் என் நெஞ்சை விட்டு நீங்காதது ஒன்று: வழிகள் கிளைக்கும் சந்தை அடைந்தால், பின்னால் வரும் புதியவர்கள் திகைக்காதிருக்க, அவ்விடத்தைத் துடைத்துச் சரியான வழியில் புல்லை முடிந்து வையுங்கள் என்பதே அது. தாத்தா காட்டிய மரத்தின் பெயரும், அத்தை சொன்ன கனியின் சுவையும், பாட்டி தோண்டிய ஊற்றும் அத்தகைய முடிச்சுகளே. ஆதலின், அடுத்த காணும் பொங்கலுக்குச் செய்யாற்றங்கரைக்குப் புறப்படுகையில், வீட்டில் மிக முதிர்ந்தவரையும் மிக இளையவரையும் கைகோத்து முன்னே நடக்கவிட்டு, மற்றவர்கள் அவர்கள் நடைக்கு இசைந்து மெல்லப் பின்தொடர்வார்களாக.